அர்ச்சுனன் பெயரில் ஒரு தாள்

மரக்காணம் பஸ் நிறுத்தத்தில் வந்து இறங்கிய ஹவில்தார் நடராசனை, அழைத்துப்போக வந்திருந்த மரியதாஸுக்கு முதல் பார்வையிலேயே பிடிக்கவில்லை. ராணுவத்தை விட்டு வந்து வருஷக்கணக்கில் ஆகியும் மனிதர் மீசையை மட்டும் இன்னும் பணியில் வைத்திருந்தார். தகரப் பெட்டியைத் தூக்கிக்கொள்ளச் சொல்லி நீட்டினாரே தவிர, எதிரில் நிற்பவன் பெயர் என்ன என்று கேட்கவில்லை. மரியதாஸ் அதை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு உருட்டியபடி முன்னால் நடந்தான். அவனும் யாரையும் லேசில் மதிக்கிற ரகம் அல்ல. ஊர் பேண்டில் கார்னெட் வாசிப்பவன், வெயில் காலத்தில் உப்பு வாருகிறவன். தன் பேண்டைப் பற்றியே அவனுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

கடல் ஊருக்குள் வந்து போய் ஒரு வருஷம் ஆகப்போகிற டிசம்பர் அது. வீடு இழந்தவர்களுக்கு வீடு கட்டித் தரும் டிரஸ்ட் ஒன்றின் கான்ட்ராக்டைத் தமிழ்வேந்தன் என்பவர் எடுத்திருந்தார். கட்டிய வீடுகளில் பாதி முதல் மழைக்கே ஒழுகின. ஒழுகாத சுவர்களில் அவர் தன் படத்தை ஒட்டிவைத்தார். குடியரசு தினத்தன்று சாவி கொடுக்கும் விழாவை வைத்து, தேசபக்திப் பாடல்களையும் பட்டாளத்து நடைப்பாட்டுகளையும் பெரிய பேண்டு வைத்து முழங்கவிட்டால், ஒழுகுகிற சத்தம் யாருக்கும் கேட்காது என்று அவருக்கு யாரோ யோசனை சொல்லியிருக்க வேண்டும். பாடல்களை பேண்டுக்குப் பிரித்து எழுதித் தரத்தான் திண்டிவனத்திலிருந்து நடராசனை வரவழைத்திருந்தார்.

ஒத்திகைக்குக் கிடைத்த இடம், உப்புக் கம்பெனிக்காரன் ஒருவன் எப்போதோ கட்டிவிட்டுக் கைகழுவிய பங்களா. மூன்று பக்கமும் உப்புப் பாத்திகள். மழைத்தண்ணீர் அவற்றில் அசையாமல் நின்றது. உள்ளே நுழைந்தால் ஈர உப்பும் வௌவால் எச்சமும் கலந்த வாடை. சுவரில் எங்கே கை வைத்தாலும் விரல் பிசுபிசுத்தது. நடராசன் முன்னறையில் பெட்டியை வைக்கச் சொன்னார். இனி விழா வரைக்கும் அங்கேயேதான் தங்கப்போகிறாராம்.

அன்று சாயங்காலம் பேண்டுக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்த நடைப்பாட்டு ஒன்றை அவருக்கு வாசித்துக் காட்டினார்கள். நடராசன் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறக்காமலே, பொணத்துக்கு முன்னால் ஊதினால்கூடப் பொணம் எழுந்து ஓடிவிடும் என்றார். மரியதாஸின் தம்பி சகாயராஜ் கிளாரினெட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். அதே வார்த்தையை மரியதாஸ் பல தடவை சொல்லியிருக்கிறான். வெளியாள் சொல்லிக் கேட்டபோது மட்டும் சுருக்கென்றது.

பிறகு நடராசன் வாத்தியங்களைப் பார்த்துக்கொண்டே வந்து, அடிக்குரல் ஊதுகுழலான யூபோனியம் எங்கே என்று கேட்டார். சுவரோரம் சுரத் தாள் வைக்கும் ஒரு இரும்பு ஸ்டாண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. அதைக் காட்டி, அது அர்ச்சுனனுடையது என்றான் மரியதாஸ். குப்பத்து ஆள். கடல் வந்த காலையில் வீட்டில் உட்கார்ந்து யூபோனியத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். வீடு, வாத்தியம், ஆள் எதுவும் கிடைக்கவில்லை.

அந்தப் பேண்டில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. பெயர் எழுதிய தாளை ஸ்டாண்டில் வைத்துவிட்டால் அந்த ஆள் வந்தே தீர வேண்டும். காய்ச்சல், மழை, மச்சினன் கல்யாணம் என்ற பேச்சே கிடையாது. அதனால்தான் பேண்டுக்காரன் எவனாவது செத்தால் அவனுக்காக வாசித்து, அவன் தாளைக் கிழித்துக் குழியில் போட்டுவிடுவார்கள். இனிமேல் உன்னைக் கூப்பிட மாட்டோம் என்று அதற்கு அர்த்தம். அர்ச்சுனனுக்கு உடலும் இல்லை, குழியும் இல்லை. வாசித்து அனுப்பாத ஆளுக்கு ஸ்டாண்டு போடக் கூடாது என்று, அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள்.

நடராசன் இதைக் கேட்டுச் சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தாலாவது பரவாயில்லை. மூக்கால் சிரித்தார்.

மறுநாள் சாயங்காலம் அவர் எழுதி முடித்த முதல் பாட்டின் தாள்கள் ஒவ்வொரு ஸ்டாண்டிலும் இருந்தன. கிளாரினெட்டுக்கு மேலே ராகம், கார்னெட்டுக்கு முழக்கம், டிராம்போனுக்குக் கீழே தாங்கல். இவை எல்லாவற்றுக்கும் நடுவில் யூபோனியத்துக்கென்று ஒரு எதிர்ப்பாட்டு. பெரிய வாத்தியம் அது. நெஞ்சு நிறைய மூச்சு கேட்கும். அந்தத் தாளின் தலையில் நடராசன் தன் கையாலேயே கொட்டை எழுத்தில் ‘அர்ச்சுனன்’ என்று எழுதி, சுவரோர ஸ்டாண்டை இழுத்துவந்து நடுவில் போட்டு, தாளை அதன்மேல் வைத்தார். பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் போட்டார்.

“வரச் சொல்லு உங்காளை. வந்து ஊதட்டும். உங்கள விட மோசமாவா ஊதிடப் போறான்?”

மரியதாஸ் அதை எடுக்கப் போனான். கை வைத்தால் இவர்கள் எல்லாரையும் மாற்றிவிட்டுப் புதுச்சேரியிலிருந்து வேறு பேண்டைக் கூட்டிவந்துவிடுவதாகத் தமிழ்வேந்தன் ஏற்கெனவே சொல்லியிருப்பதை நடராசன் நினைவுபடுத்தினார். அவர்களில் முக்கால்வாசிப் பேர் தமிழ்வேந்தனின் வீட்டுக்குக் காத்திருப்பவர்கள். ஒழுகினாலும் வீடு வீடுதான். மரியதாஸ் தன் நாற்காலிக்குத் திரும்பிவந்து கார்னெட்டை எடுத்தான்.

வெளியே நல்ல வெயில். பாத்தித் தண்ணீரிலிருந்து எழும்பிய வெளிச்சம் கூரையில் ஆடிக்கொண்டிருந்தது.

பாட்டின் முதல் பகுதி வழக்கம்போல் கோணல்மாணலாகப் போனது. இரண்டாம் பகுதிக்குள் நுழைந்தபோது, கார்னெட்டுக்கும் டிராம்போனுக்கும் நடுவில், அடித்தொண்டையில் பாடுகிறவன் குரல்போல ஒரு சத்தம் சேர்ந்தது. மெதுவாக, சரியாக, தாளம் பிசகாமல். நடராசன் எழுதிய எதிர்ப்பாட்டு அது. கோணலாக ஓடிய பாட்டு முழுவதையும் அது தோளில் கை போட்டு நிமிர்த்தியது.

பாட்டு முடிந்தது. நடராசன் டிராம்போன்காரரைப் பார்த்து முதல்முறையாக நல்ல வார்த்தை சொன்னார். டிராம்போன்காரரின் முகம் வெளுத்துவிட்டது. பாதிப் பாட்டில் குழாயில் சேர்ந்த எச்சில் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தேன் மாஸ்டர், நான் வாசிக்கவே இல்லை என்றார்.

எல்லாரும் நடு ஸ்டாண்டைப் பார்த்தார்கள்.

தாள் ஓரத்தில் ஈரமாகியிருந்தது.

நாற்காலியின் கீழே தண்ணீர் தேங்கியிருந்தது. பாத்தித் தண்ணீரின் வாடை அதில் இல்லை. கடல் வாடை.

ஒருவன் ஓடுவதற்கு எழுந்தான். நடராசன் அவனைப் பார்க்கவில்லை. நாற்காலியையே பார்த்தார். அவர் முகத்தில் பயம் வரும் என்று மரியதாஸ் காத்திருந்தான். பயம் வரவில்லை. பசித்தவன் பந்தியைப் பார்ப்பது போலிருந்தது அந்த முகம்.

“இன்னொரு வாட்டி,” என்றார் நடராசன். “மொதல்லருந்து.”

அவருடைய ஆசை என்ன என்பதை அவரே பிறகு மரியதாஸிடம் சொன்னார். தாள்களைப் படியெடுத்துக் கொடுக்கும் வேலையை அவனிடம் தள்ளியிருந்ததால், பகல் நேரங்களில் அவன் அந்த முன்னறையில் உட்கார்ந்து அவர் பேச்சைக் கேட்க வேண்டியிருந்தது. விழாவுக்குத் தலைமை தாங்க வரும் ஓய்வுபெற்ற கர்னல், ஒரு காலத்தில் நடராசனுக்கு மேலதிகாரி. பேண்டு மாஸ்டர் படிப்புக்கு நடராசன் விண்ணப்பித்தபோது, இவனுக்குக் காப்பி எழுதத்தான் வரும், சங்கீதம் வராது என்று சொல்லித் தள்ளிவிட்டவர். அந்தக் கர்னலின் கையைத் தட்ட வைக்காமல் சாகமாட்டேன் என்றார் நடராசன். இவ்வளவு சின்ன ஆசைக்கு இவ்வளவு பெரிய மீசையா என்று மரியதாஸ் நினைத்துக்கொண்டான். ஆனாலும் அவர் கண்ணில் நீர் நின்றதைப் பார்த்தபோது ஒரு நொடி பாவமாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து தாள்கள் மாறத் தொடங்கின. படியெடுக்கிறவன் என்பதால் மரியதாஸுக்கு அது முதலில் தெரிந்தது. கார்னெட்டின் முழக்கத்தை எடுத்து யூபோனியத்துக்குக் கொடுத்தார். மறுநாள் கிளாரினெட்டின் ராகத்தை எடுத்துக் கொடுத்தார். உயிருள்ளவர்களின் தாள்களில் வெற்று இடங்கள் பெருகின. அர்ச்சுனன் தாள் மட்டும் கறுத்துக்கொண்டே போனது. மூச்சு விடக்கூட இடமில்லாத நீளத்துக்கு அதில் வரிகளை எழுதினார். ஏன் மாஸ்டர், இதை எந்த ஆள் வாசிக்க முடியும் என்று மரியதாஸ் கேட்டான். ஆளாக இருந்தால்தானே அந்தக் கவலை என்றார் அவர்.

ஒத்திகையில் அந்த நீள வரிகள் அறுபடாமல் வந்தன. அழகாகவும் வந்தன, அதுதான் கொடுமை. சாவு வீட்டுக்கும் சப்பரத்துக்கும் ஊதியே காலம் கழித்த அந்தப் பேண்டு அப்படியொரு சத்தத்தைத் தன் நடுவில் கேட்டதே இல்லை.

ஆனால் ஒவ்வொரு நீள வரி வந்தபோதும் யாராவது ஒருவனுக்கு மூச்சு பிடித்தது.

முதலில் அது சகாயராஜுக்குத்தான் நடந்தது. வாசிக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தவன், தண்ணீருக்குள் அழுத்தியதுபோல் வாயைத் திறந்து திறந்து மூடினான். வரி முடிந்ததும் இருமினான். உள்ளங்கையில் தண்ணீர். அதை அவன் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு அண்ணனிடம் கையை நீட்டினான்.

“உப்பு கரிக்குதுண்ணா.”

கழிவெளி ஏரியில் முங்கினால் ஊரே பயந்து கூப்பிடும்வரை மேலே வராத பயல் அவன். பொங்கலுக்குள் ஒரு படி ஏறினாலே அவனுக்கு இளைத்தது. மரியதாஸ் அன்றைக்கே அர்ச்சுனன் தாளைக் கிழித்துப் பாத்தியில் போட்டான். மறுநாள் அதே ஸ்டாண்டில் புதுத் தாள் இருந்தது. தலையில் அதே பெயர். வரிகள் முன்னைவிட நீளம். நீ ஒரு தடவை கிழித்தால் நான் ஒரு வரி கூட்டி எழுதுவேன் என்றார் நடராசன். சொன்னபடி செய்கிற ஆள் என்பது மரியதாஸுக்குத் தெரிந்ததால், பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டான்.

அர்ச்சுனன் மனைவி அமுதவல்லி அந்த வீடுகளின் கட்டட வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். தன் வீட்டுக்குத் தானே கல் சுமந்து, அதற்குக் கூலியும் வாங்கி, பிறகு அதைத் தமிழ்வேந்தன் கையால் தானமாகவும் வாங்க வேண்டும். அதுதான் ஏற்பாடு. வேலை விட்டு வரப்பு வழியே போனவள் ஒருநாள் பங்களா வாசலில் வந்து நின்றாள். தலையில் சும்மாடுத் துணி அப்படியே இருந்தது. பாட்டு முடியும்வரை நின்று கேட்டாள். அழவில்லை. பிறகு நேரே நடராசனிடம் வந்தாள்.

“அது அவருதான் சார். ஒரு சொரத்துலருந்து இன்னொண்ணுக்குப் போறப்ப கொஞ்சூண்டு இழுப்பாரு. எத்தினி வாட்டி கேட்டிருக்கேன்.”

நடராசன் தாளைத் திருத்திக்கொண்டிருந்தார்.

“அந்தத் தாள எடுத்துடுங்க சார். கூப்ட்டா வராம இருக்கத் தெரியாது அவருக்கு. மூச்சுக்கு எங்க போவாரு? இவங்ககிட்டருந்துதான் எடுத்துக்கறாரு.”

விழா முடியட்டும், நீயே வந்து எடுத்துப்போ என்று அவர் சொன்னார். அந்தப் பையன் அதுவரைக்கும் தாங்க மாட்டான் என்று அவள் சகாயராஜைக் காட்டினாள். நடராசன் அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். அறையில் இருந்த ஒவ்வொருவரையும் பார்த்தார். செருப்பில் ஒட்டியதைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“இவனுங்க அந்த மூச்ச வெச்சிக்கிட்டு இத்தினி நாளா என்னத்தக் கிழிச்சானுங்க?”

காலி நாற்காலியிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அந்த வாரத்திலேயே சகாயராஜ் விழுந்தான். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் நெஞ்சில் நீர் என்றார்கள். எடுக்க எடுக்க ஊறுகிறது, எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை என்றார்கள். மரியதாஸ் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தமிழ்வேந்தனிடம் போய், இனி யாரும் வாசிக்க முடியாது என்று சொன்னான். தமிழ்வேந்தன் வெற்றிலையை மென்று முடிக்கும்வரை அவனை நிற்கவைத்தார். பிறகு, பேண்டு மேடை ஏறவில்லை என்றால் சாவியும் கீழே இறங்காது, யோசித்துச் சொல் என்றார். யோசிக்க என்ன இருக்கிறது? ஒரு வருஷமாகத் தார்ப்பாயின் கீழே கிடப்பவர்கள் அவர்கள். மரியதாஸ் ஒன்றே ஒன்று கேட்டான். கர்னல் வெயிலுக்கு முன் சாவி கொடுத்துவிடட்டும், பேண்டு அதற்குப் பிறகு என்றான். காலை வெளிச்சத்தில் போட்டோ நன்றாக விழும் என்பதால் தமிழ்வேந்தன் உடனே ஒப்புக்கொண்டார்.

மரியதாஸ் பேண்டுக்காரர்களை மாதா கோயில் பின்னால் கூட்டிவைத்துப் பேசினான். கடைசிப் பாட்டின் முடிவில் நடராசன் எல்லாருக்கும் வெற்று இடம் எழுதியிருந்தார். அங்கே யூபோனியம் மட்டும்தான் வாசிக்கும். எழுதியதிலேயே மிக நீளமான வரி அது. அந்த இடம் வந்ததும் வாத்தியத்தை நாற்காலியில் வைத்துவிட்டுப் பின்பக்கமாக இறங்கிவிட வேண்டும். மேடையில் பேண்டு இல்லையென்றால் அவன் யாரிடம் மூச்சு வாங்குவான்? மாஸ்டர் இருப்பாரே என்று டிராம்போன்காரர் கேட்டார். அவரும் இறங்கட்டும், காலில்லையா என்றான் மரியதாஸ்.

குடியரசு தினத்தன்று வானம் துடைத்துவைத்ததுபோல் இருந்தது. கொடி ஏறியது. கர்னல் கறுப்புக் கண்ணாடியோடு வந்து சாவிகளைக் கொடுத்தார். ஒவ்வொரு சாவிக்கும் தமிழ்வேந்தன் குறுக்கே தலையை நீட்டி போட்டோவில் விழுந்தார். அமுதவல்லி தன் சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, உட்காராமல் பந்தல் காலைப் பிடித்தபடி மேடையையே பார்த்து நின்றாள்.

பேண்டு தொடங்கியது. நடராசன் பழைய சீருடையை இஸ்திரி போட்டு அணிந்திருந்தார். நடுவில் காலி நாற்காலி, முன்னால் ஸ்டாண்டு, அதன்மேல் தாள். முதல் பாட்டிலேயே அந்தக் குரல் வந்து சேர்ந்தது. கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பேண்டு என்றால் பல சத்தம் வரும். எது எங்கிருந்து வருகிறது என்று எவன் பார்க்கிறான்? மரியதாஸுக்கு மட்டும், தான் கார்னெட்டுக்குள் ஊதும் காற்றில் பாதி வேறு எங்கோ இழுபடுவது தெரிந்தது. கண் இருட்டியது. தம்பியை நினைத்துக்கொண்டு தாக்குப்பிடித்தான்.

கர்னல் முன்வரிசையில் லேசாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

கடைசிப் பாட்டு. வெற்று இடம் வந்தது. மரியதாஸ் கார்னெட்டை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தான். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் எழுந்து பின்படியில் இறங்கினார்கள். இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைத்த கூட்டம் அமைதியாகப் பார்த்தது.

மேடையில் காலி நாற்காலிகள். அவற்றின் முன்னால் கையைத் தூக்கியபடி நடராசன்.

யூபோனியம் நிற்கவில்லை.

தனியாகக் கேட்டபோதுதான் அது எவ்வளவு பெரிய குரல் என்று தெரிந்தது. ஒவ்வொரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் அந்தச் சின்ன இழுப்பு. பந்தல் காலைப் பிடித்திருந்த அமுதவல்லியின் விரல்கள் இறுகின.

கர்னல் விழித்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றினார். நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

நடராசன் அதைப் பார்த்துவிட்டார்.

பாட்டு அதன் கடைசிச் சுரத்தைத் தொட்டது. அந்தச் சுரத்தின் தலைமேல் நீட்டல் குறி போட்டிருந்தார் நடராசன். அதை மாஸ்டர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிறுத்திவைக்கலாம். தூக்கிய கையை மூடி இறக்கினால் சத்தம் நிற்கும். எந்த பேண்டுக்கும் அதுதான் வழக்கம்.

அவர் கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்து மூடியது. சகாயராஜுக்கு நடந்த அதே மாதிரி.

மரியதாஸுக்கு அந்த மனிதரின் மேல் இருந்த வெறுப்பில் ஒரு துளி குறையவில்லை. ஆனாலும் படியில் ஓடி ஏறி, மேடைத் துணியைப் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தான்.

“மாஸ்டர், கைய எறக்குங்க.”

நடராசனுக்குக் காது கேட்டது. திரும்பி அவனைப் பார்த்தார். உதடு நீலமாகியிருந்தது, மூக்கிலிருந்து தண்ணீர் வடிந்தது. அப்போதும் அந்தப் பார்வையில் இருந்தது இளக்காரம்தான். உனக்கு என்னடா தெரியும் என்கிற பார்வை. பிறகு முகத்தைக் கர்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கையை இறக்கவில்லை.

சுரம் நீண்டது. கொடிக்கம்பத்தில் கயிறு ஆடுவது நின்றது. முன்வரிசைக் குழந்தை ஒன்று அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

நடராசன் கையைத் தூக்கியபடியே பின்னால் சாய்ந்தார். நாற்காலிகள் உருண்டன. அவர் விழுந்த பிறகும் அந்தச் சத்தம் அறுபடவில்லை. யாரும் அதை நிறுத்தவில்லை. தணிந்து தணிந்து கடல் பக்கம் போய், எப்போது கேட்காமல் போனது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

கர்னல் எழுந்து நின்று கை தட்டினார். மாஸ்டர் வெயிலில் மயங்கிவிட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவரைத் தூக்கிக்கொண்டு போகையில் கர்னல் தமிழ்வேந்தனிடம், அந்தக் கடைசிப் பகுதியை வாசித்த ஆளைப் பார்க்க வேண்டும் என்றார். காலி மேடையைப் பார்த்து விழித்த தமிழ்வேந்தன் வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

“அது கேசட்டு சார். டேப்புல போட்டோம்.”

“அதானே பார்த்தேன்,” என்றார் கர்னல். “இந்த ஆளுக்கு ஏது அவ்வளவு சங்கீதம்?”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு காருக்குப் போய்விட்டார்.

நடராசனை ஆஸ்பத்திரியில் சேர்க்கும் முன்பே உயிர் போய்விட்டது. தரையில் நின்ற மனிதன் கடலில் விழுந்தவன்போல் இருக்கிறானே என்று டாக்டர் கேட்டாராம். அதே பகலில் புதுச்சேரியில் சகாயராஜ் எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்று சொல்லியிருந்தான். மரியதாஸ் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதான். யாருக்காக அழுகிறோம் என்று பிரித்துப் பார்க்க அவனுக்கு மனம் வரவில்லை.

இருட்டுவதற்கு முன் பேண்டு முழுவதும் கடற்கரைக்குப் போனது. மணலில் குழி தோண்டினார்கள். அர்ச்சுனனுக்கு ஒரு வருஷம் முன்பே வாசித்திருக்க வேண்டியதை வாசித்தார்கள். அமுதவல்லி அந்த ஈரத் தாளைத் தன் கையால் கிழித்துக் குழியில் போட்டு மூடினாள். அலைகளைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றாள். போயிட்டாருண்ணே என்றாள் மரியதாஸிடம். அவள் முகத்தில் தெளிவு இருந்தது, அதனால் அவன் நம்பினான். அர்ச்சுனன் குரல் அதற்குப் பிறகு யாருக்கும் கேட்கவும் இல்லை.

ஆனால் அன்று கடற்கரையில் வாசித்தபோது, கடைசிச் சுரத்தில் உதட்டிலிருந்து கார்னெட்டை எடுக்க மரியதாஸுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. துக்கம் என்று நினைத்துக்கொண்டான்.

நடராசன் உடலைச் சொந்தக்காரர்கள் திண்டிவனத்துக்குக் கொண்டுபோய் எரித்துவிட்டார்கள். பேண்டு போகவில்லை. போயிருந்தாலும் கிழித்துப் போட அவர் பெயரில் தாள் ஏது? மாஸ்டருக்கு யாரும் தாள் எழுதுவதில்லை.

ஈஸ்டர் திருநாளில் வாசித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பாட்டின் கடைசிச் சுரத்தை ஊதியவர்களால் அதை நிறுத்த முடியவில்லை. ஒருவராலும் முடியவில்லை. மூச்சு தீர்ந்தது, உதடு வெடித்து ரத்தம் வந்தது, கண்கள் பிதுங்கின. கையை இறக்க வேண்டிய ஆள் இன்னும் இறக்கவில்லை. பிறகு அவருக்கே போதும் என்று தோன்றியதுபோல், எல்லா வாத்தியமும் ஒரே நொடியில் நின்றது. அடுத்த கல்யாணத்தில் அது இன்னும் கொஞ்சம் நீண்டது.

அதிலிருந்து மரக்காணம் பேண்டு எந்தப் பாட்டையும் முடிப்பதில்லை. கடைசிச் சுரத்துக்கு ஒன்று முன்னாலேயே வாத்தியத்தை இறக்கிவிடுகிறார்கள். ஊர்வலத்தில் வருகிறவர்கள் கேலி செய்கிறார்கள். பாட்டை முடிக்கத் துப்பில்லாத பேண்டு என்று தமிழ்வேந்தன் மேடையிலேயே பேசினார். மரியதாஸ் கார்னெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலையைக் குனிந்து காத்திருப்பான்.

யாரும் வாசிக்காத அந்த ஒரு சுரம், முழு பேண்டும் வாசிப்பதுபோல் நிதானமாக வந்து சேரும்.

அது நீளும்போது கூட்டத்தில் எங்கோ ஒருவர் இருமத் தொடங்குவார்.